நான் பேர் வைத்த அணுத்தார்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் வாழையைப் பற்றி எனக்குத் தெரிந்தது காலேஜில் படித்தவனுக்கும் தெரியாது என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பத்து வயதில் தூத்துக்குடி மார்க்கெட்டில் தார் சுமந்தேன். முப்பத்தைந்தில் அதே மார்க்கெட்டில் சொந்த ஏலக்கடை. கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் ஒருவரும் இல்லை. தாரைத் தோளில் ஏற்றினால் போதும், எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவேன். உடம்பும் அப்படித்தான். கல்லைத் தின்றாலும் எனக்குச் செரிக்கும், காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை என்று தினம் ஒரு தடவையாவது கடையில் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சு ஒருநாள் எங்கே போய் இடித்தது என்பதுதான் இது.

எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாதம். அமெரிக்காவில் அணு உலை ஒன்று கெட்டுப்போனது என்று பேப்பரில் வந்தது. டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் அதன்மேல் மாடி கட்டுவார்கள். அங்கே தக்காளி தேங்காய் அளவுக்குக் காய்க்கிறதாம். கோழிக்குஞ்சு நாலு காலோடு பொரிக்கிறதாம். பேப்பரில் அப்படி ஒரு வரியும் இல்லையே என்று வாசித்தவரே சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

ஒரு வாரம் போயிருக்கும். ஏரல் பக்கத்திலிருந்து வந்த லோடில் ஒரு இரட்டைத் தார் இருந்தது. தண்டு ஒன்று, கழுத்தில் பிரிந்து குலை இரண்டு. சீப்புக்குச் சீப்பு, இரண்டு ஒன்றாய் ஒட்டிய ஒட்டுப்பழம். இதில் அதிசயம் எதுவும் கிடையாது. நான் சுமை தூக்கிய முதல் வருஷமே இப்படி ஒன்றைப் பார்த்தேன். அப்போது அணு என்ற சொல்லே மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு ஒன்று எப்படியும் வந்துவிடும். என்ன, விலை போகாது. ஒட்டுப்பழம் தின்றால் இரட்டைப்பிள்ளை பிறக்கும் என்று பெண்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

விலை போகாததை விலைபோகச் செய்கிறவன்தானே ஏலக்காரன்? தாரைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன்.

"ஏலே, பாத்துக்கிடுங்க! அமெரிக்காவுல வெடிச்சது இங்கன வந்து காய்ச்சிருக்கு! அணுத்தாரு! அணுத்தாரு!"

மார்க்கெட்டே சிரித்தது. ஏலக் கேள்வியும் ஏறியது. கடைசியில் எடுத்தது, மார்க்கெட் வாசலில் சாக்கு விரித்துப் பழம் விற்கிற பெண். தோணியில் கொழும்புக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பன்னிரண்டு வருஷமாக என்னிடம்தான் தார் எடுப்பாள். அந்த ஒரு சாக்கு அகலத்தில்தான் அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு.

"வேடிக்கைக்காவது வாங்குவாவ, அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே சுமந்து போனாள். அவளும் அணுப்பழம் என்று கூவித்தான் விற்றாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாங்கவும் செய்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற ஒருவன் வீட்டில் பிள்ளை செத்துப் பிறந்தது. தலைப்பிள்ளை. நிறைமாத மருமகளுக்கு மாமியார்க்காரி இந்தப் பழக்காரியிடம் அந்தத் தாரில் ஒரு சீப்புப் பழம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தெருவில் யாரோ அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் அந்த மனிதன் நாலைந்து பேரோடு வந்து அவள் சாக்குக்கு முன்னால் நின்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என் புள்ளைக்கு என்னத்தக் குடுத்த?"

"ஐயோ, வயித்துப்புள்ளக்காரிக்குன்னு ஒங்க அம்ம சொன்னாவ. ஒட்டுப்பழத்த எல்லாம் நானே பிச்சு எடுத்துட்டு, ஒத்தப் பழமாத்தான்யா குடுத்தேன்."

"ஒட்டுப்பழம் என்ன, ஒத்தப்பழம் என்ன? தாரே அணுத்தாரு. நீதான கூவுன?"

நான் கடையிலிருந்து இறங்கிப் போனேன். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள்.

"ஏலே, கூறுகெட்டுப் பேசாதீய. வாழை பூத் தள்ளுனா வெட்டுக்கு வர மூணு மாசத்துக்கு மேல ஆவும். அமெரிக்காவுல உலை கெட்டு இன்னும் மூணு வாரம் ஆவல. பொறவு வந்த விஷம் முன்னாடியே காய்ச்ச காய்ல எப்படிலே ஏறும்?"

கணக்கைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டதால் நம்பினார்கள் என்று அர்த்தமில்லை.

அவள் கழித்துப் போட்டிருந்த ஒட்டுப்பழம் கூடையில் கறுத்துக் கிடந்தது. ஐந்தை எடுத்து உரித்து, எல்லோர் கண் முன்னாலும் தின்றேன். "எனக்கு என்ன ஆவுதுன்னு நாளைக்கு வந்து பாருங்க" என்றேன்.

கூட வந்தவர்களில் ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "ஒமக்கு என்ன அண்ணாச்சி? கல்லத் தின்னாலும் செரிக்கும்னு நீருதான தெனம் சொல்லுதீரு. அது பச்சமண்ணுல்லா."

நான் தின்ற பழத்தின் தோலைக் கூடையிலேயே போட்டேன்.

அப்போது அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணாச்சி, பேரு வச்சது நீருதான. ஏலத்துல வெளாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லும். அது போதும்."

சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னால் அன்றைக்கு இறங்கிய தார் கூரை முட்ட அடுக்கியிருந்தது. பேர் என்னிடமிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பயம் வாசலிலிருந்து என் கடைக்குள் நடந்து வரும் என்று தோன்றியது. "இவ்வளவு சொல்லியும் மண்டையில ஏறலன்னா நான் என்ன செய்ய?" என்று சத்தம் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டேன். பூத்த மாதமும் பழுத்த நாளும் சொன்னேன். அவள் கேட்ட அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அவளை யாரும் அடிக்கவில்லை. வாங்கவில்லை, அவ்வளவுதான். பெண்கள் அந்தச் சாக்கைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு நாள் பழம் கறுத்தது, ஆடு தின்றது. ஐந்தாம் நாள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு உப்பளத்தில் உப்பு வாரினாள். மூத்த பெண்ணையும் அங்கேயே கூட்டிக்கொண்டாள். ஒருதடவை ரோட்டில் எதிரே வந்தாள். கால் இரண்டும் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தது. "சொகமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, நிற்காமல் நடந்தாள்.

மறுவருஷம் அந்தத் துறைமுகத்துக்காரன் என் கடைக்கு வந்தான். வீட்டில் ஆண்பிள்ளை பிறந்து, பேர் வைக்கிற விசேஷமாம்.

"நல்ல தாரா ரெண்டு எறக்கிக் குடும் அண்ணாச்சி. ஒம்ம கையால தந்தா பயமில்ல."

கோழிக்கூடு ரகத்தில் இரண்டு தார் இறக்கினேன். அவன் கண் முன்னாலேயே ஒவ்வொரு சீப்பாக விரலை விட்டுப் பார்த்தேன். ஓர் ஒட்டுக்காய் இருந்தது. அவனே அதைப் பிய்த்து, வெளியே, பழைய சாக்கு கிடந்த இடத்தைப் பார்த்து வீசினான்.

அப்போதும் நான் சொல்லவில்லை.