ஆள்பலமும் பணபலமும் படைத்த செல்லமுத்து

1. மாடல்

வக்கீல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. அதுவரை திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஊரில் ஆளாளுக்குப் போனிலேயே எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நான் தபால் வழியில் பாராலீகல் டிப்ளமோ படித்தேன். சான்றிதழில் என் தொழிலுக்கு அழகான ஆங்கிலப் பெயர் போட்டிருந்தது. கோர்ட் வாசல் டீக்கடையில் அதற்கு ஒரே பெயர்தான்: குமாஸ்தா.

வக்கீல் மேடம் என்னைவிடப் பத்து வயது இளையவர். சிவில் வழக்குதான் அதிகம். முதல் நாளே சொன்னார்: "அண்ணே, உங்களுக்குத் தமிழ் நல்லா வரும்னு சொன்னாங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

பயம் நியாயமானது. வாடகை வழக்கு ஒன்றுக்கு நான் எழுதிய முதல் டிராப்டில், வீட்டுக்காரர் 'சித்திரை வெயிலாய்ச் சுடுகின்ற சொற்களால்' திட்டினார் என்று இருந்தது. மேடம் அந்த வரியைப் பேனாவால் வட்டம் போட்டார்.

"என்ன சொல்லித் திட்டுனாரு?"

"தெரியல மேடம்."

"கேட்டு அத எழுதுங்க. வெயிலப் பத்தி ஜட்ஜுக்கே தெரியும்."

இப்படி ஒரு மாதம். என் வாக்கியங்கள் பேனா முனையில் செத்துச் செத்து விழுந்தன. எனக்கும் வெறுத்துப்போயிற்று. அப்போதுதான் கம்ப்யூட்டரில் 'மாடல்' என்றொரு போல்டரைக் கண்டுபிடித்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்துவைத்தது. பாகப்பிரிவினை மாடல், ஜீவனாம்ச மாடல், பாதை வழக்கு மாடல் பைனல், பாதை வழக்கு மாடல் பைனல் புதுசு. திறக்க வேண்டியது, பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரைப் போட வேண்டியது, பிரிண்ட். யாரும் வட்டம் போடுவதில்லை, ஏனென்றால் யாரும் படிப்பதில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டிய விஷயம் இந்த போல்டரில்தான் ஆரம்பிக்கிறது.

2. கதை வேண்டாம்மா

பேச்சியம்மாள் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கணவர் இறந்தபின் ஒன்றரை ஏக்கரைத் தானே பார்த்துக்கொள்கிறவர். தக்காளி போட்டிருந்தார். ரோட்டிலிருந்து அவர் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை, கொழுந்தன் செல்லமுத்துவின் நிலத்து ஓரமாகப் போகிறது. அந்தப் பாதையில் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார் செல்லமுத்து. இன்னும் இருபது நாளில் பழம் பறிக்க வேண்டும். குட்டியானை லோடு வண்டி உள்ளே வந்தால்தான் பழப் பெட்டிகளை ஏற்ற முடியும். வராவிட்டால் அரைக் கிலோமீட்டர் வரப்பில் தலைச்சுமை. பாதி பழம் காட்டிலேயே அழுகும்.

அவர் வந்த நாள், வழக்கம்போல எல்லாம் ஒரே நேரத்தில் என் தலையில் விழுந்த நாள். பிரிண்டர் பேப்பரைத் தின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் போட்ட வேறொரு மனு, பக்க எண் இல்லை என்று ரிட்டர்ன் ஆகி வந்து கிடந்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது. அவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அவரு ஏன் கம்பி கட்டுனாருன்னா, அது ஒரு பெரிய கதை தம்பி. போன தக்காளிக்கு வந்த வண்டிக்காரன் இருக்கானே..."

"கதை வேண்டாம்மா. கொழுந்தன் முழுப் பேரு, அவங்க அப்பா பேரு, கதவு நம்பர். அதச் சொல்லுங்க போதும்."

"செத்த நேரம் கேளுங்களேன்."

"டயம் இல்லம்மா. நாளைக்கே பைல் பண்ணணும்."

சொன்னார். அடித்தேன். பாதை வழக்கு மாடல் பைனல் புதுசு. பிராதும் பிரமாண வாக்குமூலமும் முக்கால் மணி நேரத்தில் தயார். மேடம் வேறொரு விசாரணைக்கு ஓடிக்கொண்டிருந்தவர், சர்வே எண்ணையும் பாதை அகலத்தையும் மட்டும் சரிபார்த்தார்.

ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும் ஒரு வாசகம் இருக்கும்: 'மேற்கண்டவை மனுதாரருக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவர் சரியெனப் புரிந்துகொண்டு என் முன்னிலையில் கையொப்பமிட்டார்.' அதற்குக் கீழே பக்கத்து ரூம் வக்கீல் சார் கையெழுத்துப் போட்டுத் தருவார். படித்துக் காட்ட வேண்டியது என் வேலை. எந்த ஆபீசிலும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. பேச்சியம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், தட்டுத்தடுமாறிப் படிக்கவும் தெரியும். பென்சிலால் ஐந்து இடத்தில் புள்ளி வைத்தேன். புள்ளியிலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணும் வில்லங்கமில்லையே தம்பி?"

"வழக்கமா எழுதுறதுதாம்மா."

3. நீதிபதி படித்துக் காட்டினார்

உடனடித் தடை கிடைக்கவில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் என்று உத்தரவானது. பத்து நாள் போயிற்று. காய் பழுக்க ஆரம்பித்துவிட்டது என்று பேச்சியம்மாள் தினமும் போன் செய்தார். நானும் தினமும் வாய்தா தேதியைச் சொன்னேன், ஏதோ அந்தத் தேதியைத் தக்காளி மதிக்கும் என்பதுபோல.

அன்று முன்சீப் கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள். செல்லமுத்து வக்கீல் வைக்கவில்லை. தானே வந்திருந்தார். பெஞ்சிலிருந்து கூண்டுக்கு அவர் நடந்து வர வெகுநேரம் ஆனது. இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. ஒரு கையில் அலுமினிய ஊன்றுகட்டை. கல்யாணம் ஆகாதவர், கூட ஒருத்தரும் இல்லை. மறு கையில் நாங்கள் அனுப்பிய நகலை நாலாக மடித்து வைத்திருந்தார்.

"நீங்கதான் எதிர்மனுதாரரா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா. செல்லமுத்து."

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். பிறகு சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "எதிர்மனுதாரர் ஊரில் செல்வாக்கு மிக்கவர். ஆள்பலமும் பணபலமும் படைத்தவர். அடியாட்களுடன் ஆயுதங்கள் சகிதம் வந்து, மேற்படி பாதையில் வேலி அமைக்க முயன்று வருகிறார்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. பின் வரிசை வக்கீல்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்லமுத்து சிரிக்கவில்லை. பேச்சியம்மாள் இருந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டார்.

"அய்யா, அப்படியெல்லாம் நா சொல்லலீங்கய்யா."

"இது உங்க கையெழுத்துதானம்மா?"

"கையெழுத்து எனதுதான். ஆனா இந்தப் பேச்சு எனதில்ல."

நீதிபதி மேடத்தைப் பார்த்தார். "வேலி போட முயற்சி பண்றாரா, போட்டுட்டாரா?"

"போட்டுட்டாங்கய்யா," என்றார் மேடம், மெல்லிய குரலில்.

"அப்ப, போடாதேன்னு தடை கேட்டு என்ன பிரயோஜனம்? போட்டத எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கணும். சத்தியம் பண்ணிக் குடுத்த அம்மாவே இல்லைங்கிறாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?"

மனுவை வாபஸ் வாங்கினோம். புதிதாகப் போடலாம் என்று அனுமதி வாங்கியதே பெரிய விஷயம்.

வராந்தாவில் செல்லமுத்து அண்ணியை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்: "ஏன் மதினி, அடியாளு எத்தனை பேருன்னு நீங்களாவது சொல்லுங்க. எனக்கே தெரியல. இருந்தா அவனுகளை விட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கச் சொல்லுவேன்."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார்.

"கம்பியப் பிடுங்கிருவோமான்னு நேத்து வரைக்கும் நெனச்சேன்," என்றார் செல்லமுத்து. "இனிமே கோர்ட்டு சொல்லட்டும்." கட்டையை ஊன்றிப் படியிறங்கிப் போனார்.

ஆபீஸ் வந்ததும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, "நானும் படிக்கல. அது என் தப்பு," என்றார். பிறகு, "அண்ணே, சித்திரை வெயிலே பரவால்ல. அது உங்க சொந்த வெயில். இது யாரு வீட்டுப் பொய்?" என்றார்.

யார் வீட்டுப் பொய் என்று தேடிப் பார்த்தேன். அந்த மாடலில் ஏழெட்டு வழக்குகள் பெயர் மாறி மாறி வந்திருந்தன. முதல் வழக்கில் உண்மையிலேயே ஒருவர் ஆட்களோடு வந்திருக்கலாம். அதன் பிறகு அவருடைய அடியாட்கள் ஓய்வே இல்லாமல் கட்டுக்குக் கட்டு நடந்து, கடைசியில் கட்டையூன்றி நின்ற ஒரு மனிதருக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறார்கள். என் மேல் எனக்கு வந்த எரிச்சலில் போல்டரையே அழிக்கப் போனேன். "அதுல கோர்ட் பீஸ் பாராவெல்லாம் இருக்கு, அழிச்சிராதீங்க," என்று மேடம் கத்தினார்.

4. ஆறடிக் குழாய்

அதுவரை செய்யாத வேலைகளைச் செய்ய ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் கொடுத்தது, அவர் கணவர் அவருக்கு எழுதிவைத்த செட்டில்மென்ட் பத்திரம். அதில் பாதை என்ற சொல்லே இல்லை. பாதை உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "மாமனாரு காலத்துலயிருந்து போறோம்" என்றார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். சர்வர் மூன்று நாள் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடக் கூடாது. வில்லங்கச் சான்று எந்தப் பத்திரம் என்று மட்டும்தான் காட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாது. சார்பதிவாளர் ஆபீசில் நகலுக்கு மனுப் போட்டு, இன்று வா நாளை வா என்று அலைந்து வாங்கினேன். சொத்து விவரமெல்லாம் முடிந்து, சாட்சிக் கையெழுத்துக்கு மேலே, யாரும் படிக்காத இடத்தில் இருந்தது: இரு பாகத்தாரும் வண்டி மாடு சகிதம் போய்வர, மேற்குக் கடைசியில் பத்தடிப் பாதையைப் பொதுவில் விட்டுக்கொள்கிறோம்.

பிறகு தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டிறங்கி, பேச்சியம்மாள் முன்னால் நடக்க, வரப்பு வழியாக. டேப்பைப் பிடித்து அளந்தேன். வேலி ஒன்பது கல்லுக்கால். அதற்குள் தரையில் ஒரு கறுப்புக் குழாய், மூன்று இடத்தில் ரப்பர் சுற்றி ஒட்டுப் போட்டது, பாதையைக் குறுக்கே கடந்து செல்லமுத்துவின் கத்திரிக்குப் போனது. தக்காளி வாசம் காற்றில் கனிந்து வந்தது. வரப்போரமாக முதல் பறிப்பைத் தலையில் சுமந்து பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கூடையிலிருந்து சாறு ஒழுகி அந்தப் பெண்ணின் தோளை நனைத்திருந்தது.

"இந்தக் குழாய் என்னம்மா?"

"இதத்தான அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்கதான் கதை வேண்டாம்னுட்டீக."

அங்கேயே, வேலிக்கல்லில் நோட்டை வைத்து எழுதினேன். செல்லமுத்துவின் கிணறு பாதைக்கு இந்தப் பக்கம், அவர் கத்திரிச் செடி அந்தப் பக்கம். பேச்சியம்மாளின் தக்காளி ஏற்ற வந்த வண்டி மூன்று தடவை குழாயை ஏறி உடைத்தது. மூன்று தடவையும் செல்லமுத்து அந்தக் காலோடு வந்து உட்கார்ந்து ஒட்டினார். நாலாம் தடவைக்கு முன் வேலி போட்டார்.

ஆபீசில் புது வாக்குமூலத்தை அடித்து, பேச்சியம்மாளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு திருத்தம்.

"'பகைமை காரணமாக'ன்னு வேண்டாம் தம்பி. பகையெல்லாம் இல்ல, கோவந்தான்."

மாற்றினேன்.

"குழாய் ஒடஞ்சதையும் எழுதுங்க."

மேடம் நிமிர்ந்தார். "அது நமக்கு எதிரா போகும்லம்மா."

"நெசந்தான வக்கீலம்மா. அவரு சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிருவோம். குழாய மண்ணுக்கடியில பதிச்சு, மேல இரும்புக் குழாய் போட்டு நா தாரேன்னு எழுதுங்க. ஆறடி போட்டாப் போதும்."

"பாதை பத்தடிம்மா," என்றேன், டேப் பிடித்த தெம்பில்.

"வண்டிச் சக்கரம் ஏறுற எடம் ஆறடி. நீங்க வண்டி ஓட்டிருக்கீகளா?"

ஆறடி என்றே எழுதினேன். வேலியை அகற்றக் கோரும் மனு, பிராதைத் திருத்தும் மனு, பாகப்பிரிவினை நகல் எல்லாம் சேர்த்துப் போட்டோம். இந்தத் தடவை பக்கத்து ரூம் வக்கீல் சார், கையெழுத்துப் போடும் முன், "படிச்சுக் காட்டியாச்சா?" என்று விளையாட்டுக்குக் கேட்டார். "மூணு தடவ," என்றார் பேச்சியம்மாள்.

5. சிவப்பு மை

அடுத்த வாய்தாவில் செல்லமுத்து புது நகலோடு வந்தார். படித்திருந்தார் என்பது ஓரங்களில் இருந்த விரல் அழுக்கிலேயே தெரிந்தது.

"என்ன சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

"இது எங்க மதினி சொன்னதுங்கய்யா. தெரியுது. மொதல்ல வந்தது வேற யாரோ எழுதுனது." நகலை உயர்த்திக் காட்டினார். "குழாயப் பதிச்சுக் குடுத்தா கம்பிய எடுத்துர்றேன். ஆனா அந்த ஆள்பலம், அடியாளுங்கிறத அழிக்கணும். எம் பேரு அதுல இருக்கு."

சமாதான மனு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாம் பறிப்புக்குக் குட்டியானை உள்ளே போனது. முதல் பறிப்பில் நசுங்கிப்போனது போனதுதான். அதைத் திருப்பித் தர எந்த மனுவிலும் பாரா இல்லை.

பிராதைத் திருத்த உத்தரவானால், கோர்ட்டில் இருக்கும் வழக்குக் கட்டிலேயே சிவப்பு மையால் திருத்த வேண்டும். குமாஸ்தாவின் வேலை. கிளார்க் மேசையருகில் நின்று, ஸ்கேல் வைத்து, என் மூன்று வாக்கியங்கள் மேல் கோடு போட்டேன். செல்லமுத்து பக்கத்தில் கட்டையை ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு போட்டும் படிக்க முடியுதே சார்."

"அப்படித்தாங்க விதி. அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியணும்."

"கொஞ்சம் அழுத்திப் போட்டாலும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப மொதல்லயே கேட்டு எழுதிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த வார்த்தையை எங்கேயாவது எழுதி வைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு எந்த வாக்குமூலத்தையும் படித்துக் காட்டாமல் நான் கையெழுத்து வாங்கியதில்லை. பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். சிலர் பாதியில் தூங்கிவிடுகிறார்கள். சிலர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டுகிறார்கள். சிரிப்பு வரும் சிலருக்கு. "வக்கீலம்மா பார்த்தாச்சுல்ல, நீ என்னப்பா ஓதிக்கிட்டு" என்கிறார் ஒருவர். பஸ் போய்விடும் என்கிறார் இன்னொருவர். நான் விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, முதல் பாராவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். யாராவது ஓர் இடத்தில், "அப்படியில்ல சார்" என்று வாய் திறக்கும்வரை.