தியாகராய நகரில் ஆள் தேடிய கதை

காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி ரயில் என்னை எழும்பூரில் இறக்கிவிட்டது. கையில் ஒரு பை. நெஞ்சில் ஒரு சொற்பொழிவு. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வயலுக்குக் கால்வாய்த் தண்ணீர் வந்துவிட்டது; சேற்றில் இறங்கி வேலை செய்யவோ ஊரில் இளைஞர் இல்லை. "ரெண்டு பேரையாவது கூட்டிட்டு வா. இல்லன்னா இந்த வருசம் வயல் தரிசுதான்" என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார். பேச்சுப் போட்டி மேடைதோறும் கோப்பை வென்றவனுக்கு இரண்டு பேரை வெல்வதா அரிது?

தியாகராய நகர் ஏழு கிலோமீட்டர். பேருந்துக்கு இருபத்தைந்து காசு. படியில் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா நைனா, நீயே பேசிக்கினு கீற? உள்ள போ" என்றார் நடத்துநர்.

என் பள்ளித் தோழர்கள் செல்வராஜும் மாடசாமியும் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிப்பவர்கள். பிற்பகல் சாப்பாட்டு வேளையில் பனகல் பூங்காவுக்கு வந்தார்கள். உழவே நாட்டின் உயிர்நாடி என்று தொடங்கி நான் முழங்கியதைச் சுண்டல் விற்பவர்கூட நின்று கேட்டார். செல்வராஜ் தூக்குச்சட்டியை மூடினான்.

"நல்லாத்தாம்லே பேசுதே. சேத்துக் காலோட நின்னா எவன் பொண்ணு குடுப்பான்? சேலை மடிக்கேன்னு சொன்னதுக்கே சாதகம் வருது."

"கூலி கூட்டித் தாரோம்" என்றேன்.

"கூலிய விடு" என்றான் மாடசாமி. "உங்கய்யா டிராக்டர் வாங்கியிருக்காராமே, யாருலே ஓட்டுதா?"

"நான்தான்."

"மேடையிலயும் நீ, டிராக்டர்லயும் நீ. எங்களுக்குச் சேறு மட்டுமா?"

அந்த டிராக்டர் இருக்கையில் அமர்ந்து ஊர்த்தெருவில் வருவது, மாலை மரியாதையினும் எனக்கு இனியது. ஆயினும் தரிசு நிலத்தின் நடுவே அரியணை எதற்கு?

"ஓட்டக் கத்துத் தாரேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். மாசச் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு." என் உரைகளிலேயே மிகச் சிறியது அதுதான்.

"லைசென்சு?" என்றான் செல்வராஜ்.

"எடுத்துத் தாரேன்."

"அப்ப சாதகத்துல டிரைவர்னே எழுதச் சொல்லுதேன்."

கடை முதலாளியும் எங்கள் பக்கத்துக்காரர். கணக்கு முடித்து அனுப்பும்போது, "எங்க வயலும் சும்மாதாங் கெடக்கு. ரெண்டு பேரு கெடைச்சா சொல்லுங்கடே" என்றார்.

மறுநாள் மாலை ரயில் தாம்பரம் தாண்டியதும், முதலில் யார் ஓட்டுவது என்று இருவரும் வழக்காடத் தொடங்கினர். வெட்டியும் ஒட்டியும் அவர்கள் வாதிட்ட நேர்த்தி என் கல்லூரி மேடைகளிலும் காணாதது.

"அப்ப நீ எங்கலே உக்காருவே?" என்றான் மாடசாமி.

"மட்கார்டுல."

அங்கிருந்தும் பேசலாம். எஞ்சின் சத்தத்தில் எவர் காதிலும் விழாது என்பது ஒன்றே குறை.