மேல்முறையீட்டுக்குப் போகாத சொல்

நீதிபதியின் பேனா ஓடி நிற்கும்வரை நான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று தலைமை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அப்போது கோர்ட்டில் ஒலிப்பதிவுக் கருவி எதுவும் இல்லை. சாட்சி தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்வேன். நான் சொன்னதை நீதிபதி தன் கையாலேயே எழுதிக்கொள்வார். சாட்சி உண்மையில் என்ன சொன்னார் என்பது அந்தக் கூடத்துக் காற்றோடு போய்விடும். மிஞ்சுவது நான் சொன்னதும் அவர் எழுதியதும்தான். ஒருநாள் பிற்பகலில் அந்தப் பேனா என் வாக்கியம் ஒன்றை எழுதி முடித்து நின்றது. அது தவறான வாக்கியம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இதை இதுவரை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து அதிக நாள் ஆகவில்லை. மலாக்காவில் அரசாங்க அலுவலகங்களில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பதவிகள் திறந்தன. நான் தோட்டத்துப் பள்ளியில் தமிழும் நகரத்துப் பள்ளியில் ஆங்கிலமும் படித்து, கோர்ட்டில் தற்காலிக மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்திருந்தேன். காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். அக்கம்பக்கத்தில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட மலாக்கா செட்டி சமூகத்தினர். எங்களைப் போலவே பெயர் வைத்துக்கொள்வார்கள், எங்களைப் போலவே திருநீறு பூசிக் கோயிலுக்குப் போவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழும் ஆங்கிலமும் சரளமாகத் தெரிந்தவன் என்பதால் அந்தத் தெருவில் எனக்குத் தனி மரியாதை இருந்தது. அந்த மரியாதையை நான் மிகவும் விரும்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வழக்கு ஒரு கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் நகரத்துக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். முப்பது வயது இருக்கும். காலையில் பால் நிறுக்கும் கொட்டகையில் அவருக்கும் இன்னொரு தொழிலாளிக்கும் வாய்ச்சண்டை. யாருடைய வாளி முன்னால் வந்தது என்பது போன்ற ஒன்றுமில்லாத விஷயம். கைகலப்பானது. மற்றவர் இவருடைய கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறார். அந்தக் கையில் பால்வெட்டும் கத்தி இருந்தது. மற்றவர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

மலாக்காவில் அப்போது கொலை வழக்குகளை ஜூரிகள் ஏழு பேர் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நீதிபதிக்கும் தெரியாது. அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த சீன வழக்கறிஞர் நல்ல மனிதர், அவருக்கும் தெரியாது. கூண்டில் நின்ற மனிதரின் பேச்சு வெளியே போவதற்கு ஒரே வாசல் நான்தான்.

அவர் சொன்னது இது: "அவன் என் கையப் புடிச்சு முறுக்கினான். வலி தாங்காம உதறினேன். கத்தி பட்டுடுச்சு."

அன்று காலையில் ஒரு சாட்சியின் பேச்சை விளக்கப் போய் நான் நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "விளக்கம் வேண்டாம். அவர் சொன்னதை மட்டும் சொல்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். என் காதுமடல் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. "பட்டுடுச்சு" என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடி ஒரு கணம் திணறினேன். நீதிபதி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். தங்குதடையில்லாமல் பேசுகிறவன் என்று பேர் வாங்கியவன் நான். "கையை உதறிக்கொண்டு அவனைக் கத்தியால் வெட்டினேன் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அழகான, முழுமையான வாக்கியம். பேனா ஓடி, நின்றது.

சொல்லி முடித்த அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. இடைவேளையில் போய்ச் சொல்லித் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். இடைவேளை வந்தது. கோப்பிக்கடைக்குப் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். சொல்லவில்லை. மறுநாள் காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஜூரிகள் கூடிப் பேசி, குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். தூக்குத் தண்டனையை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னதும் நான்தான். அதில் ஒரு சொல்கூடத் தவறவில்லை.

மேல்முறையீடு என்றால் இன்னொரு விசாரணை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோலாலம்பூரில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, கீழ்க்கோர்ட்டு நீதிபதி எழுதிய குறிப்புகளின் தட்டச்சுப் பிரதியைப் படிப்பார்கள். பொதுவாகச் சாட்சிகள் அங்கே வருவதில்லை. சட்டம் சரியாகச் சொல்லப்பட்டதா, தீர்ப்பு அந்தக் காகிதத்தில் உள்ளதைக் கொண்டு நிற்குமா என்று பார்ப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்திலும் அந்த மன்றம் இருந்தது. மெர்டேக்காவுக்குப் பிறகு அது நம்முடைய நாட்டின் மன்றமாயிற்று. ஆனாலும் கடைசி வார்த்தை லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலிடம்தான் இருந்தது. நம் நாட்டுப் பேரரசரின் பெயரில் மனுப்போட்டு அங்கே கப்பலில் காகிதம் போக வேண்டியிருந்தாலும், முதலில் இங்கிருந்துதான் கப்பலில் காகிதம் அனுப்ப வேண்டும். எத்தனை படி ஏறினாலும் எல்லோரும் படிக்கப்போவது அதே காகிதத்தைத்தான் என்று எனக்குத் தெரியும். அதில் "வெட்டினேன்" என்று இருந்தது.

மேல்முறையீட்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது வழக்கறிஞர் என்னைத் தேடி வந்தார். சிறையில் ஒரு தமிழ் வார்டர் மூலம் தன் கட்சிக்காரரிடம் பேசியதாகச் சொன்னார். வெட்டினேன் என்று தான் சொல்லவே இல்லை என்கிறாராம்.

"உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் நீ ஒரு சத்தியப் பத்திரம் எழுதிக்கொடு, போதும். அதை நான் மேல்கோர்ட்டில் வைக்கிறேன்" என்றார்.

ஒருநாள் அவகாசம் கேட்டேன். தலைமை மொழிபெயர்ப்பாளரிடம் போய், யாருக்கோ நடந்ததைப் போல விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஒரு வரிய நீயே தப்புன்னு சொன்னா, நீ நின்ன எல்லா கேஸையும் தோண்டுவானுங்கப்பா. நிரந்தரமாக்குற கடுதாசி அடுத்த மாசம் வருது. நீயே யோசிச்சுக்க" என்றார். மிரட்டவில்லை. என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளப் பல வருடங்கள் முயன்றிருக்கிறேன். அவர் யோசிக்கத்தான் சொன்னார். முடிவெடுத்தவன் நான்.

மறுநாள் வழக்கறிஞரிடம், "பதிவில் இருப்பதைத்தான் அவர் சொன்னார்" என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைத் தெரிந்தவர் யார் என்று தெருவில் தமிழில் விசாரித்திருக்கிறார். அவர் பேச்சு புரியாமல், எதிர்வீட்டுச் செட்டிப் பெண்மணி அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டுவிட்டு, மலாயில் என்னிடம், "அழுகிறாள், பாவம், என்னவென்று கேள்" என்று சொல்லிப் போனார். வந்தவர் அந்த மனிதரின் மனைவி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஐயா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பழத்தைக் கீழே வைத்தார். "அந்தக் கோர்ட்டுல எங்களுக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தாங்க. எங்க பேச்ச எடுத்து அவங்ககிட்ட சொன்னீங்க. மத்தவங்க யாரும் எங்கள மனுசனாக்கூட பாக்கல. மேல்கோர்ட்டுக்கு நீங்களும் வர்றீங்களா ஐயா? நீங்க இருந்தா எனக்கு தெம்பா இருக்கும்."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பழத்தை நான் தின்னவில்லை. எறியவும் மனம் வரவில்லை. எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் அந்த அம்மாவோடு கோலாலம்பூர் போனேன். மேல்முறையீட்டு மன்றத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அவர் கணவரைக் காவலர்கள் கொண்டுவந்து ஓரத்தில் உட்காரவைத்தார்கள். மிகவும் இளைத்திருந்தார். எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மனைவிக்கா எனக்கா என்று தெரியவில்லை.

வழக்கறிஞர் முதலில் அந்தச் சொல்லைத்தான் எடுத்தார். இது தற்செயலாக நடந்தது, என் கட்சிக்காரர் தான் வெட்டியதாகச் சொல்லவில்லை என்றார். நடுவில் இருந்த நீதிபதி பக்கங்களைப் புரட்டினார். "பதிவில் அப்படி இல்லையே. மொழிபெயர்ப்பில் பிழை என்று விசாரணையின்போது யாராவது ஆட்சேபித்தார்களா?" என்று அமைதியாகக் கேட்டார். இல்லை என்றார் வழக்கறிஞர். "மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்கிறார்?" வழக்கறிஞர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். "பதிவு சரி என்கிறார், பிரபு" என்றார்.

எனக்கும் அந்த மேடைக்கும் நடுவில் பத்தடி இருக்கும். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பக்கத்தில் அந்த அம்மா, "என்னா கேக்குறாங்க ஐயா?" என்று கிசுகிசுத்தார். "சட்டம் பேசுறாங்கம்மா" என்றேன்.

ஆனால் அந்த மூன்று பேரும் காகிதத்தைக் கவனமாகவே படித்திருந்தார்கள். திடீரென்று மூண்ட சண்டையில், முன்யோசனை இல்லாமல் நடந்ததென்றால் அது கொலையாகாது என்பதை விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குப் போதுமான அளவு எடுத்துச் சொல்லவில்லை என்று கண்டார்கள். கொலைக் குற்றம் நீங்கியது. அதைவிடக் குறைந்த, மரணம் விளைவித்த குற்றம் நின்றது. தூக்கு ரத்தாகிப் பத்து வருடச் சிறையாயிற்று. நான் அதைத் தமிழில் சொன்னபோது அந்த அம்மா அந்த இடத்திலேயே என் காலைத் தொடக் குனிந்தார். நான் பின்வாங்கியதைப் பணிவென்று நினைத்துக்கொண்டார்.

உயிர் போகவில்லையே என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மன்றம் தனக்குக் கிடைத்ததை வைத்துத் தன் வேலையைச் செய்தது. சரியான சொல் கிடைத்திருந்தால் அவர் அன்று மாலையே வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து ஏதாவது வேலை பார்ப்பேன். எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பிறகு பதவி உயர்வும் வந்தது.

நன்னடத்தைக் கழிவு போக ஏழு வருடத்துக்குள் அவர் வெளியே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காஜா பெராங் வீட்டுக்குத் தனியாக வந்தார். தலை நரைத்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"அந்தச் சொல்லப் பத்தித்தானே? தெரியுங்க" என்றார்.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"அப்பவே லோயர் சொன்னாரு, நீ வெட்டினேன்னு சொன்னதாத்தான் இருக்கு, மொழிபெயர்த்தவரும் அப்படித்தான் சொல்றாருன்னு. எல்லாரும் அதையே சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. நாந்தான் பயத்துல அப்படி உளறிட்டனோன்னு. உள்ள ஒரு வாத்தியாரு இருந்தாரு, அவரும் கைதிதான். அவருகிட்ட இங்கிலீஷ் எழுத்து கத்துக்கிட்டேன். லோயர் குடுத்த காகிதம் எங்கிட்ட இருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சு என் பேச்சு வர்ற பக்கத்துக்கு வர ரெண்டு வருசம் ஆச்சு. படிச்சும் தீரலைங்க. அதுலயும் அப்படித்தானே இருக்கு." நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நான் அன்னிக்கு என்னாங்க சொன்னேன்?" என்று கேட்டார்.

"கத்தி பட்டுடுச்சுன்னு சொன்னீங்க. வெட்டினேன்னு சொல்லவே இல்ல. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவர், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அத நீங்க அங்க சொல்லியிருக்கணும்" என்றார். குரலில் சூடு இல்லை. கோப்பியைத் தொடவில்லை. எழுந்து கதவுவரை போனவர் திரும்பி நின்றார். "என் சம்சாரம் வெள்ளிக்கெழம தவறாம உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணுது. நம்ம பக்கம் பேச ஒருத்தர் இருந்தாருன்னு அதப் புடிச்சிக்கிட்டுத்தான் இத்தன வருசம் பிள்ளைங்கள வளத்துச்சு. அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்களுக்காக இல்ல."

சரி என்றேன். அதன்பின் அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. அவர் மனைவி வந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தார். பிள்ளைகள் படித்தார்கள், தோட்டத்தை விட்டுக் குருபோங் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். லண்டனுக்குப் போகும் மேல்முறையீடு நின்று, கடைசி வார்த்தை நம் நாட்டுக்கே வந்தது. இப்போது மேல்முறையீட்டு மன்றம் புத்ராஜெயாவில் பெரிய கட்டடத்தில் இருக்கிறது. கீழ்க்கோர்ட்டுகளில் பேச்சை இயந்திரம் பதிவு செய்கிறது. தமிழ் தமிழாகவே அதில் இருக்கும், தவறு நடந்தால் திரும்பக் கேட்கலாம் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

அந்த மனிதர் இறந்தபோது எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். குருபோங் வீட்டில் கூடாரத்துக்குள் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். இருவர் தாங்கிப் பிடிக்க எழுந்து வந்து, என் கையைப் பற்றி முன்னால் அழைத்துப்போய், பேரப்பிள்ளைகள் நடுவில் நிறுத்தினார்.

"இவருதான். உங்க தாத்தாவுக்காக அன்னிக்கு கோர்ட்டுல பேசினவரு. இவரு இல்லன்னா நீங்க யாரும் இல்ல. கும்பிட்டுக்குங்க."

ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இறந்தவருக்குக் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றினேனா, மூன்றாவது வரிசையில் என்னை உட்காரவைத்த அதே பயம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியாக வந்த சிறுமிக்கு ஐந்து வயது இருக்கும். அவள் கும்பிட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் முதலில் பார்வையை விலக்கினேன்.