கண்வலிக்கிழங்கு மூட்டை

பொள்ளாச்சி ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். மாமாவின் தலையில் சாக்கு மூட்டை, என் கையில் புளிச்சோற்றுத் தூக்குப்போசி. பஸ்ஸில்தான் கிளம்பினோம். கொழிஞ்சாம்பாறையில் கண்டக்டர் எங்கள் சிவந்த கண்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மொதல்ல எறங்குங்க. டிரைவருக்கும் வந்துருச்சுன்னா வண்டிய ஆருங்க ஓட்டறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

மூட்டையில் இருந்தது கண்வலிக்கிழங்கு. எங்கள் பெருமாட்டிப் பக்கம் கள்ளி வேலிகளில் தானாக முளைக்கும் கொடி. இலை நுனியே சுருண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். மழைக்குப் பூக்கும், அடி மஞ்சள், நுனி சிவப்பு, அடுப்பிலிருந்து கிளம்பும் தீ போல. கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு விஷம். பூவோ அதைவிடக் கெட்ட பெயர் வாங்கியது. பார்த்தாலே கண்வலி வரும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெண்கள் அந்த வேலியைக் கடக்கும்போது முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொள்வார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, ஏதாவதொரு தொழிலைத் தொடங்கப்போகிறவராகவே இருந்தார். இதன் விதையை மருந்துக்கு வாங்குகிறார்கள் என்று சந்தையில் கேள்விப்பட்டு, வேலி வேலியாகக் கிழங்கு தோண்டி, அப்பாவின் கடலைக் காட்டில் பாதியில் நட்டார். கொடிக்குக் குச்சி ஊன்றினார். பூத்தது, காய் பிடிக்கவில்லை. வண்டை நம்பினால் ஆகாது, நாமே தொட்டு வைக்க வேண்டும் என்று விடியற்காலையில் என்னையும் இழுத்துப்போனார். விரலில் மகரந்தப் பொடியை எடுத்துப் பூப்பூவாகத் தடவினோம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துணிச்சலில் ஒரு கொத்துப் பறித்துப்போய் வாத்தியார் மேசையில் வைத்தேன்.

மெட்ராஸ் ஐ அந்த வாரம்தான் ஊருக்குள் வந்தது. முதலில் வாத்தியாருக்கு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு, பூசாரிக்கு, எங்களுக்கு. ஊர்க்காரர்கள் திரண்டு வந்து, எங்கள் காட்டுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றபடி அப்பாவிடம் பேசினார்கள்.

"ஏனுங்க, உங்க மச்சினனையும் அந்தப் பூவையும் சேத்து அனுப்பிப்போடுங்க."

"பையனையுமுங்க. பள்ளிக்கொடத்துக்குள்ள கொண்டாந்தவன் அவன்தான்."

"பூவுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார் மாமா, தாரையாக வழியும் கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டே. ஒருவரும் திரும்பவில்லை.

கொடிகளை அன்றே பிடுங்கச் சொன்னார் அப்பா. "கண்ணு சரியாகற மட்டும் உம் மாமங்கூட இருந்துட்டு வா" என்றார் என்னிடம். சோறு கட்டிக்கொடுத்த அம்மாவின் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"உனக்கும் வந்துருச்சாம்மா? நந்தியாவட்டைப் பூவ வெச்சுக் கட்டு" என்று பெரிய வைத்தியன் போலச் சொன்னேன். "ம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொற்றாமல் இருக்கத் திருப்புகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நடந்தும், கட்டை வண்டிகளில் தொற்றிக்கொண்டும், உடுமலை தாண்டிக் காட்டுவழியாகக் காந்தலூர் ஏறினோம். "மலையில இந்தப் பூவோட பேரே ஆருக்கும் தெரியாதுடா. அங்க நாமதான் ராஜா" என்று வழியெல்லாம் சொல்லிவந்தார் மாமா. நான் எத்தனாவது ராஜா என்று கேட்டேன். மூட்டையைக் கொஞ்சம் பிடி என்றார்.

காந்தலூரில் ஒரு உருளைக்கிழங்குக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதையா மலையேத்திச் சொமந்துட்டு வந்தீக? அங்கன பாருங்க."

அவருடைய வேலி முழுக்கத் தீப்பிடித்த மாதிரி பூத்துக் கிடந்தது. "வெட்டிப்போட ஆளில்லாம நிக்குது" என்றார். மாமா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

என் கண் சிவப்பு மாறித் தெளிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பத்தான் பல வருஷமானது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த அந்த மழைக்காலத்தில் அம்மா ஒருத்திக்கு மட்டும் கண்வலி வரவேயில்லை என்று அப்பா சொன்னது, நான் ஊர் திரும்பியபோதுதான்.

ஆனால் காந்தலூர் வந்த மறுநாள் காலையில் எனக்கு அது தெரியாது. மாமாவுக்கு வேலியை வெட்டும் வேலை கிடைத்தது. எனக்கு, பரண்மேல் உட்கார்ந்து உருளைக்கிழங்குக் காட்டில் குரங்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. உருளைக்கிழங்குக்காரர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"கண்ணு நல்லாத் தெரியுமாடா?"

"எல்லாம் நல்லாத் தெரியுமுங்க" என்றேன். பரண்மேல் ஏறச் சொன்னார்.