காபி ஃபில்டரைக் கெடுத்தவள்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டிவி ரிமோட் வேலை செய்யவில்லையா, மாவு பொங்கி வழிந்ததா, கூப்பிடு அவளை. இந்தப் பெயர் எனக்கு ஒன்பது வயதில் வந்தது. அத்தையைப் பார்க்க வந்த வேலூர் மாப்பிள்ளையை ஒரு காபி ஃபில்டரைக் கொண்டு நான் விரட்டியடித்தேனாம். அப்படித்தான் இன்றுவரை பேச்சு.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் ஊர் மாதனூருக்குப் பக்கத்தில். காலையில் ரோட்டில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஆம்பூருக்குப் போவாள். ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை. நாள் முழுக்கத் தோலில் பசை தடவி ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் இறங்கும்போது அவள் பையில் எனக்கென்று ஏதாவது இருக்கும். அந்தப் பைக்குள் கேட்காமல் கைவிடும் உரிமை வீட்டில் எனக்கு மட்டும்தான்.

வேலூர் மாப்பிள்ளைக்கு ஏதோ ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. தரகர் கொடுத்த போட்டோவை அத்தை டிபன் பையில் வைத்துக்கொண்டு போய், பஸ் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சும்மா சும்மா சிரித்துக்கொண்டாள். இது எப்படியாவது முடிந்துவிட வேண்டுமே என்று அம்மா அந்த வாரம் எல்லாச் சாமிக்கும் விளக்கேற்றினாள்.

தரகர் போகும்போது ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். “அவங்க வூட்ல டீ தொட மாட்டாங்க. ஃபில்டர் காபிதான்.” நாங்களோ டீ குடிக்கிற கூட்டம். அம்மாவின் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று பரணில் கிடந்தது. இறக்கிப் பார்த்தால், கடைசியாகக் காபி போட்ட புண்ணியவதி பொடியைக்கூடக் கொட்டாமல் ஏறக்கட்டியிருந்தாள். அந்தப் புண்ணியவதி அம்மாதான் என்பதை யாரும் சொல்லவில்லை. மேல் பாத்திரத்தின் அடியில் ஊசிமுனை அளவுக்கு இருக்க வேண்டிய ஓட்டைகள் எல்லாம் கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தன. கீழ்ப் பாத்திரத்தில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

“பளபளன்னு இருக்கணும். கறை கிறை தெரிஞ்சது, தொலைச்சிடுவேன்” என்று அம்மா அதை என் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அத்தையும் குழாயடியில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு கிண்ணத்தில் புளி. நான் ஃபில்டரைத் தேய்த்தேன், அவள் கையைத் தேய்த்துக்கொண்டாள். அவள் விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து, அதில் கறுப்புச் சாயமும் ஏறி, தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. புளி போட்டாள், மண்ணெண்ணெய் போட்டாள், அம்மாவின் கரகரப்பான தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

“போச்சாடி?” என்று கையை நீட்டினாள்.

“ஜாஸ்தி இல்ல அத்த. கொஞ்சம்தான் இருக்குது.”

“உன்னுது?”

என்னுடையது வெளியே முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. உப்பெல்லாம் புளிக்கு ஓடிவிட்டது. ஓட்டைகள்தான் அசையவில்லை. சமையல் சோடா போட்ட கொதிநீரில் ஊறவைத்தோம். அடுப்பில் காட்டிச் சூடாக்கினோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நாலைந்து ஓட்டையில் மட்டும்தான் வானம் தெரிந்தது. சேப்டி பின்னை வைத்துக் குத்தினேன், பின் வளைந்துவிட்டது. அத்தை தலைவாரிக்கொள்ள உள்ளே போன நேரத்தில்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகங்களைக் கைத்தையல் போட்டுக் கொடுப்பாள். தோலில் துளை போட அவளிடம் ஒரு குத்தூசி இருந்தது. அதை ஓட்டையில் வைத்து ஒரு கல்லால் தட்டினேன். டக்! அடடா, என்ன சுகம்! ஒன்று திறந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றையும் விடவில்லை. தூக்கிப் பிடித்தபோது என் முகத்திலேயே புள்ளி புள்ளியாக வெயில் விழுந்தது. அம்மா அவசரத்தில் பார்த்துவிட்டு, “பரவால்லியே!” என்றாள். அவளிடமிருந்து அந்த வார்த்தையை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

நான்கு மணிக்கு மாப்பிள்ளையும் அவர் அப்பா அம்மாவும் வந்தார்கள். அத்தை பச்சைப் புடவையில் தட்டோடு வந்தாள். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தாள். முதல் டம்ளரை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினாள். அந்தம்மா வாங்கும்போது குனிந்து விரல்களைப் பார்த்தார்.

“கையி இன்னாம்மா இப்படி இருக்குது?”

“கம்பெனில பேஸ்டிங்குங்க.”

“ஓ… தோலு கம்பெனி.”

டம்ளரைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த டம்ளரை வாங்கிய மாப்பிள்ளைக்குப் புரையேறியது. ஒரு வாய் குடித்தவர் கண்ணில் நீர் முட்ட இருமினார், உதடெல்லாம் காபிப்பொடி. நான் போட்ட ஓட்டைகள் வழியாகப் பொடி மொத்தமும் கீழே இறங்கிவிட்டிருந்தது. அப்பா தண்ணீர் எடுக்க ஓடினார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். “போய்த் தகவல் சொல்றோம்” என்று எழுந்து போனார்கள். முதுகில் எனக்கு நாலு விழுந்தது.

தகவல் வரவில்லை. தரகர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்த அத்தை, பையைக்கூட வைக்காமல் சொன்னாள்: “எல்லாம் இவ போட்ட ஓட்டதான். அந்தக் காபியக் குடிச்சா எவன் கட்டுவான்?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மாவும் அப்பாவும் இதற்காகவே காத்திருந்தவர்கள் போல அதைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது. எல்லோரும் திட்டலாம், அவள் சொல்லலாமா? பத்து நாள் அவள் பையைத் தொடவில்லை நான்.

பிறகு அவளுக்கு ராணிப்பேட்டையில் கல்யாணம் ஆனது. மாமா நல்ல மனிதர், ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பார். ஆனாலும் எந்த விசேஷத்திலும் அத்தை அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

இந்தப் பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் முன்னாலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அவர் எதையும் துருவித் துருவிக் கேட்கிற ஆள். “அந்தப் பையனோட அம்மா காபி குடிச்சாங்களா?” என்று கேட்டார்.

அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள்.

அன்றைக்கு டம்ளர்களைக் கழுவப் போட்டது என்னைத்தான். அந்தம்மாவின் டம்ளர் நிறைய இருந்தது. மேலே கட்டியிருந்த ஏடுகூடக் கலையவில்லை. உதடே வைக்காத டம்ளர். அய்யோ, இவ்வளவு காபியை வீணாக்குகிறோமே என்று மட்டும் நினைத்து அதைக் கொட்டினேன்.

“குடிச்சாங்களே” என்றேன். “ஒரே மடக்கு. மூஞ்சிய அப்படியே சுளிச்சாங்க. எல்லாம் நான் போட்ட ஓட்ட.”

“கேட்டுக்கோங்க மாப்ள” என்றாள் அத்தை.

பழியை என் தலையில் போட்டுவிட்டாளே என்றுதான் இத்தனை வருஷம் அவள்மேல் எனக்குக் கோபம். அந்தக் காபியைத் தவிர வேறு எதையும் அவளால் காரணமாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?