நான்கு மாதம் பத்து நாள்

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் சந்தை பார்க்க வரும் சுற்றுப்பயணிகள் எங்கள் தெருவில் முதலில் படம் பிடிப்பது ஹபீபா பீவியின் மேசையைத்தான். எட்டுத் தட்டுகளில் அரைத்த மசாலா. மிளகாய், மஞ்சள், மல்லி, சோம்பு என்று ஒவ்வொன்றும் தனிக் குவியல். படம் எடுப்பார்களே தவிர ஒரு வெள்ளிக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹபீபா அக்காவோ தட்டை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வேறு வைப்பார்.

பக்கத்து மேசை என்னுடையது. நான் புவனேஸ்வரன், தேங்காய் துருவிப் பால் பிழிந்து விற்பவன். அக்கா எதையும் நிறுத்துக் கொடுத்ததில்லை. "மீனா, கோழியா? எத்தன பேரு சாப்புடுறீங்க?" இவ்வளவுதான் கேள்வி. மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் கரண்டி தட்டுக்குத் தட்டு போய் வரும், பொட்டலம் கைக்கு வந்துவிடும். "அப்படியே தம்பிகிட்ட பால் வாங்கிக்கங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். என் வியாபாரத்தில் பாதி அந்த வாயால் வந்தது.

கணவர் ஷேக் அலாவுதீன் வீட்டில் அரைப்பார், அக்கா தெருவில் விற்பார். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. சென்ற பிப்ரவரியில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் இத்தா இருக்க வேண்டும், நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு. அக்காவின் மேசைமேல் நானே கித்தான் போட்டுக் கட்டினேன். துக்க வீட்டுக்காரரின் இடத்தை எங்கள் தெருவில் யாரும் தொட மாட்டோம்.

ஆனால் தெருவையே காலி செய்யப் போகிறார்கள் என்று யார் நினைத்தது? அவர் போன ஐந்தாவது வாரம் நகராட்சிக்காரர்கள் அறிவிப்பு ஒட்டினார்கள். எல்லோருக்கும் புதுக் கட்டடத்தில் இடம், செவ்வாய்க்கிழமை காலை குலுக்கல். லைசென்ஸ்காரர் ஐசி அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும், வராதவருக்கு இடம் இல்லை. அக்காவின் லைசென்ஸ் அக்கா பேரில்தான் இருந்தது.

குலுக்கலன்று, அக்காவுக்குப் பதிலாக நான் சீட்டு எடுக்கிறேன் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். முடியாது, பன்னிரண்டு மணி வரை பார்க்கிறேன், ஆளைக் கூட்டி வா என்றார். ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுக்குப் போனேன். பத்து நிமிஷ நடைதான். கதவு பாதி திறந்தது. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அக்கா, இப்ப வரலன்னா எடம் போயிரும்லா. ஒரு சீட்டு எடுத்தாப் போதும்."

"இத்தாவுல இருக்கேனே தம்பி. அந்த மனுசன் போயி நாப்பது நாளு ஆவல. கடைக்காக வாசப்படி தாண்டுனேன்னு பேரெடுக்கவா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இதுதான்: "சரிக்கா, உங்க மார்க்கம் உங்களுக்குத் தெரியும்." அதோடு விட்டேனா? "நீங்க செய்றதுதான் சரி" என்று பெரிய மனுஷன் மாதிரி சேர்த்துக்கொண்டேன். திரும்பி வந்து என் சீட்டை எடுத்தேன். வாசலோரம் நல்ல இடம்.

ஜூலையில் இத்தா முடிந்த மறுநாள், அக்கா புதுக் கட்டடத்துக்கு வந்தார். என் பக்கத்து இடத்தில் ஒருவன் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தான். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, தேங்காய்ப்பால் வாங்க வந்தார், தொழுகை நடத்தும் பள்ளிவாசல் லெப்பை.

"என்னம்மா, ஒனக்கு இங்க எடம் குடுக்கலியா?"

"குலுக்கலப்ப இத்தாவுல இருந்தேன் லெப்பை."

லெப்பை அக்கா பக்கம் திரும்பினார். "பொழப்புக்கு அவசியம்னா பகல்ல போயிட்டு, இருட்டுறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துரலாமேம்மா. அதுக்கு அனுமதி இருக்கே. ஏன் என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

பிழிந்த தேங்காய்ப்பூ என் கையிலேயே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பள்ளிவாசல் வழியாகத்தான் ஓடினேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. இரண்டு தடவையும் லெப்பை வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். முஸ்லிம் வீட்டு விஷயம், நாம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று சலாம் மட்டும் சொல்லிவிட்டு வந்தவன் நான். அதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும்.

"ஒன்னச் சொல்லி என்ன தம்பி. எனக்கே கேக்கத் தோணலியே" என்றார். பிறகு, மகள் வீட்டோடு போய் இருந்துவிடச் சிம்பாங் அம்பாட் ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரித்தார்.