பாதிப் பாட்டு

"கொஞ்சம் சுத்திக்கோங்கண்ணே" என்று நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு தள்ளு. உட்கார்ந்திருப்பவர் போர்த்திய துணியோடும் கழுத்துப் பவுடரோடும் கால் வட்டம் சுழன்று நிற்கிறார். மற்ற சலூன்களில் ஆள் உட்கார்ந்திருப்பார், கத்தரி அவரைச் சுற்றி வரும். இங்கே கத்தரி நின்ற இடத்தில் நிற்கும். தலைதான் அதைத் தேடி வர வேண்டும். வந்தவர் எப்போதும் வெட்டுகிற இவருடைய வலக்கைப் பக்கம் இருந்தாக வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

வெட்டும்போது இவருடைய தலை இடது தோளை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் பெயர் 'சாய்வு'. பெற்றவர்கள் வைத்த பெயர் கடை உரிமத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "சாஞ்சு பாத்தாத்தான் கிருதா நேரா, கோணலானு தெரியும்" என்பார். அதை நம்பிப் பக்கத்துத் தெரு சலூன்காரர் ஒருவர் சாய்ந்து வெட்டிப் பார்த்துக் கழுத்துப் பிடிப்போடு அலைந்ததுதான் மிச்சம்.

தொழிலுக்கு அடுத்தபடி பாட்டு. கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாக்களுக்கு நடுவில், ஒரு கேசட் செட் நெடுங்காலம் குடியிருந்தது. நல்ல பாட்டு ஓடினால் பாதி மழித்த தாடையோடு ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இந்த எடத்துல குழல் மூச்சு வாங்குது, கேட்டீங்களா?" நுரைக்குள் இருப்பவர் என்ன சொல்வார்? கேட்டேன் என்பார். எந்தப் பாட்டு யார் குரல் என்று டீக்கடையில் தகராறு வந்தால் தீர்ப்புக்கு இங்கேதான் வருவார்கள். கடையின் பழைய வாடிக்கையாளரான டிராயிங் மாஸ்டர், "சாய்வுக்கு இருக்கிறது காது இல்லப்பா, தராசு" என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். அந்தப் பாராட்டு வரும்போதெல்லாம் இவர் கத்தரியைச் சீப்பின் மேல் இரண்டு தட்டு தட்டிக்கொள்வார். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஏனென்றால் அந்தத் தராசுக்கு ஒரு தட்டுதான் உண்டு. தொழில் பழகிய வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வடிந்தது. இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. வலது காது பழுதில்லாமல் இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. தொழில் கற்றுக்கொடுத்த முதலாளிக்கு இரண்டு காதும் மந்தம். அவர் முதுகுக்குப் பின்னால் 'டமாரம்' என்று பெயர். எதிரில் நின்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து, அவர் "என்னது, என்னது?" என்று பதறுவதைப் பார்த்துக் கூட்டமாகச் சிரிப்பார்கள். அந்த வாயசைப்பில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்திருந்தவர் இவர்தான்.

சலூன் இவரைக் காப்பாற்றிக் கொடுத்தது. எதிரே கண்ணாடி. அதில் எல்லோருடைய உதடும் தெரியும். காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். வீட்டில் அவ்வளவு கண்ணாடி இல்லை. ஆனால் வீட்டில் 'ம்ம்' இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போவது வழக்கம். மனைவிக்கு ஜன்னல் இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். ஏறியதும் இவர் இடப்பக்க வரிசையில் இடம் பிடிப்பார். ஜன்னலோரம் அவள், அவளுக்கு வலப்பக்கம் இவர். அவள் வெளியே பார்த்தபடி பேசிக்கொண்டே வருவாள், இடைவெளி விழும் இடங்களில் இவர் "ம்ம்" என்பார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனக்கு மார்பில் கட்டி இருப்பதாகவும், புதன்கிழமை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றும், கூட வரமுடியுமா என்றும் கேட்டாள். "ம்ம்" என்றார். புதன்கிழமை காலை வழக்கம்போலக் கடையைத் திறந்தார். அவள் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்த பிறகு மகள் போன் செய்து பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார் மனைவியிடம்.

"சொன்னேன். ம்ம்னீங்க" என்றாள் அவள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். செவிடன் என்று தெரிவதைவிட ஈரமில்லாதவன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டார்.

போன வருஷம் கேசட் செட் நாடாவை மென்று தின்றுவிட்டு ஒரேயடியாக மூச்சை நிறுத்தியது. பழுது பார்ப்பவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே எல்லாம் கைக்குள்ள அடங்கற பிளேயர்தான்பா. ஒண்ணு வாங்கிட்டு வாங்க, பாட்டு நான் ஏத்தித் தர்றேன்" என்றாள் மகள். போனிலேயே கேட்கலாமே என்றதற்கு இவர் ஒப்பவில்லை. "பாட்டு பாதியில இருக்கும்போது எவனாவது கட்டிங்குக்கு எப்ப வரட்டும்னு கூப்பிடுவான். அது பாட்டுக்குச் செய்யற மரியாதையா?"

எலக்ட்ரானிக்ஸ் கடையில் இவர் பிளேயர் தேர்ந்தெடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். விற்பனைப் பெண் வரிசையாக எடுத்து வைத்தாள். இவர் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் பொத்தானைத் தடவினார். புதுக் கத்தரி வாங்கும்போதும் இப்படித்தான்.

"இது தொட்டாலே பாடும் அய்யா, பொத்தானே கிடையாது."

"எனக்கு நாளெல்லாம் விரல்ல ஈரம்மா. தொட்டா வழுக்கும். அழுத்தினா 'டிக்'குனு சொல்லணும்."

எத்தனை ஆயிரம் பாட்டுப் பிடிக்கும் என்று அவள் சொன்னதற்கு, "எனக்குத் தெரிஞ்ச நல்ல பாட்டே அவ்வளவு கிடையாதே" என்றார். கடைசியில் சீப்பின் கைப்பிடி அளவில், கறுப்பில் ஒன்றை எடுத்தார். அவள் ஒரு புதுப் பாட்டைப் போட்டு, காதில் மாட்டும் ஒயரை நீட்டி, "ரெண்டு பக்கமும் நல்லாக் கேக்குதாங்கய்யா?" என்றாள். "கணீர்னு இருக்கு" என்றார். பழகிப்போன பொய்க்கு யோசனை தேவைப்படுவதில்லை.

மகள் பாட்டு ஏற்றிக் கொடுத்தாள். மறுநாள் கடைக்குப் போகும் பஸ்ஸில், சட்டைப் பைக்குள் கட்டைவிரலை விட்டு 'டிக்'. இவர் உயிரைக் கொடுத்துக் கேட்கும் பழைய ஜோடிப் பாட்டு. ஆண் குரல் வந்தது. கேள்வி கேட்டது. பெண் குரல் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தபேலா மட்டும் தனியாக நடந்து போயிற்று. மறுபடி ஆண் கேட்டார். மறுபடி பதிலைக் காணோம். யாருமில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல அந்த மனிதர் பாட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாதிப் பாட்டுத்தான் ஏத்தியிருக்க" என்று மகளைப் பிடித்தார்.

"எனக்கு நல்லாத்தானேப்பா கேக்குது?"

"உனக்கு என்னம்மா தெரியும்? நான் பாட்டிலேயே ஊறினவன்."

சந்தேகம் கடைக்காரர்மேல் திரும்பியது. மலிவு ஒயரைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு மாலை, நல்ல கூட்ட நேரத்தில் போய் நின்றார். "பொம்பளை குரலே வரலைம்மா! அவர் கேக்கறாரு, கேக்கறாரு, பதிலே இல்ல. காசு முழுசா வாங்கிட்டுப் பாதி மிஷினைத் தருவீங்களா?" விற்பனைப் பெண் மாட்டிப் பார்த்தாள். "வருதே அய்யா." பேட்டரி வாங்க வந்து வரிசையில் நின்ற ஒருவர் கையை நீட்டினார். டிராயிங் மாஸ்டர்! நீதிக்குச் சாட்சி கிடைத்ததென்று இவருக்கு ஏக சந்தோஷம். "மாஸ்டர், நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டு பேருமே அருமையாப் பாடறாங்களே, சாய்வு."

"எங்க? குடுங்க."

மறுபடி மாட்டிக்கொண்டார். ஆண் மட்டும். விற்பனைப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடது பக்கத்ததை வலது காதுல மாத்திப் போடுங்களேன்" என்றாள். போட்டார். பெண் குரல் தேனாக இறங்கியது. "இதோ! வந்துருச்சு! ஆனா இப்ப அவரைக் காணோமே!"

கூட்டம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்தப் பெண் கவுண்டர்மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பழைய பாட்டு சிலது அப்படித்தாங்கய்யா. ஒருத்தர் குரலை ஒரு பக்கமும் இன்னொருத்தர் குரலை இன்னொரு பக்கமும் வச்சுப் பதிவு பண்ணியிருப்பாங்க. செட்டுல போட்டா ரெண்டும் கலந்து வந்துரும். ஒயர்ல ரெண்டு காதுலயும் கேட்டாத்தான் முழுசா இருக்கும். உங்களுக்கு இடது பக்கம்..."

இத்தனை வருஷம் ஊரிடம் மறைத்து மறைத்து, கடைசியில் தன்னிடமிருந்தே மறைத்துவிட்டிருந்தார்.

"அழுக்கும்மா" என்றார். "காதுல அழுக்கு. எடுக்கணும்." ஒயரைச் சுற்றக்கூட நிற்கவில்லை. அது சட்டைப் பைக்கு வெளியே ஆடிக்கொண்டே வாசல்வரை வந்தது.

அடுத்த முறை மாஸ்டர் முடிவெட்ட வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியைப் பார்த்து, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார். "கிருதா... கொஞ்சம்... ஏத்தி!" கூடவே விரலால் காதோரம் கோடு போட்டும் காட்டினார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். சாய்வுக்கு அந்தக் குரலைத் தெரியும். முதலாளியிடம் தானும் அப்படித்தான் பேசியிருக்கிறார். கண்ணாடியில் தெரிந்த தன் முகம் 'என்னது, என்னது' என்று பதறும் முகமாக இருந்தது. அன்று மாஸ்டரின் கிருதா ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியது. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சொல்லியிருக்கலாம்.

மாஸ்டர் வீட்டம்மாவும் இவர் மனைவியும் ஒரே கடையில் காய்கறி வாங்குபவர்கள். விஷயம் வெண்டைக்காய் பொறுக்கும் இடத்தில் அவளுக்குத் தெரியவரும். அதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். வீட்டில் பலமுறை வாயெடுத்தார். "என்னங்க?" என்பாள். "ஒண்ணுமில்ல, தண்ணி குடு" என்பார். அந்த வாரம் அவர் குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இடப்பக்க வரிசை காலியாகத்தான் கிடந்தது. அதைத் தாண்டிப் போய், வலப்பக்க இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க வெயிலடிக்குமே?" என்றாள்.

"இருக்கட்டும். நீ உள்ள போ."

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இப்போது அவள் இவருக்கு வலப்பக்கம். பஸ் கிளம்பியதும் இவர் எதிர் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு இந்த இடது காது கேக்காது. கல்யாணத்துக்கு முன்னாடியே போயிருச்சு."

வெயில் அவள் மடியில் விழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. "அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்கனு சொன்னது?"

"விழலை."

"ம்ம்னீங்களே?"

"விழாட்டா அப்படித்தான் சொல்வேன்."

அவள் திரும்பி, ஆள் இல்லாத இடப்பக்க இருக்கையைப் பார்த்தாள். இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "கடையில உக்கார்றவங்களை எல்லாம் உங்க வலது பக்கம் வச்சுக்கத் தெரிஞ்சிருக்கு. என்னை மட்டும் ஏன் எப்பவும் அந்தப் பக்கம் உக்கார வச்சீங்க?"

இந்தக் கேள்வி வருமென்று அவருக்குத் தெரியும். ஒரு வாரத் தண்ணீரும் இதற்காகத்தான். "நாளெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று ஆரம்பித்தார். "ஞாயித்துக்கிழமையாவது கொஞ்சம்..." அதற்குமேல் அந்த வாக்கியம் எந்தப் பக்கமும் நகரவில்லை.

அவள் எழுந்தாள். இவர் காலை மடக்கி வழிவிட்டார். நடுவழியைக் கடந்து, இடப்பக்க வரிசையில் தன் பழைய ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். இவரைப் பார்க்கவில்லை.

இவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் பழக்கத்தில் சட்டைப் பைக்குள் போய், பொத்தானைத் தொட்டுவிட்டு அழுத்தாமல் திரும்பியது. நிறுத்தங்கள் வந்தன. ஏறியவர்கள் அந்தக் கைப்பையைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். ஒரு பெரியவர், "யாராவது வர்றாங்களாம்மா?" என்று கேட்டதற்கும் அவள் வெளியே பார்த்தபடியே தலையை ஆட்டினாள். ஆம் என்றா, இல்லை என்றா என்று இவருக்குத் தெரியவில்லை. பெரியவர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

பாலம் தாண்டி, மகள் வீட்டுக்குத் திரும்பும் சாலையில் பஸ் வளைந்தபோது, அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலை விட்டுக் காலி இருக்கைக்கு நகர்ந்தாள். பிறகு இரண்டு முழங்காலையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, இவர் ஜன்னலோரம் போக வழிவிட்டாள்.